தரையில் வரைந்த விமானம்

மேஸ்திரிக்கு இந்த உலகத்தில் நம்பிக்கை உள்ள சாமான் ஒன்றே ஒன்று. அது அவர் சட்டைப் பையில் கிடக்கும் அளவு டேப்பு. அதையும் வருஷத்துக்கு ஒரு தடவை பக்கத்துக் கடை டேப்போடு சேர்த்து இழுத்து ஒத்துப் பார்த்துவிடுவார். பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறையில் நாற்பத்திரண்டு வருஷமாக சீட்டு போடுகிற மனுஷன். அவர் போட்ட சீட்டில் ஊரில் பாதிப் பேர் வாயைப் பிளந்து தூங்கியிருக்கிறார்கள். அவர் மட்டும் எந்த வண்டியிலும் கண் அசந்ததில்லை. டிரைவர் தூங்குகிறானா என்று பார்த்துக்கொண்டே வருவார்.

அப்படிப்பட்டவரைத்தான் விமானத்தில் ஏற்றும்படி ஆயிற்று.

கடல் தாண்டி வேலை பார்க்கிற மகளுக்கு முப்பத்தெட்டு வயதில் கல்யாணம். ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்தில் தலைமைப் பொறுப்பில் இருக்கிறவள். எனக்கு எவனும் சரிப்பட மாட்டான் என்று பத்து வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்துவிட்டு, கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கிற ஒருவனைத் திடீரென்று பிடித்துப்போய், வெள்ளிக்கிழமை பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் நின்றே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை மேல் மேஸ்திரிக்கு நம்பிக்கை கிடையாது. பெயின்ட் அடிக்கிறவன் ஓட்டையை மேலே பூசி மறைக்கத் தெரிந்தவன் என்பது அவர் கட்சி. ஆனால் அதைச் சமாளித்துக்கொள்ளலாம். சமாளிக்க முடியாதது முழங்கால்.

அவர் மனைவியின் இடது முழங்கால். இரண்டு வருஷத்துக்கு முன் ஈரப் படியில் வழுக்கி விழுந்து, உள்ளே தகடு வைத்துத் திருகாணி முடுக்கியிருக்கிறது. பாதிக்கு மேல் மடங்காது. அந்தப் பாதியிலும் பத்து நிமிஷம் வைத்திருந்தால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிடும். போன வருஷம் சொந்தக்காரர் வீட்டுக்கு மூன்று மணி நேரம் பஸ்ஸில் காலை மடக்கியபடி போய், இறங்கின கையோடு மூன்று நாள் படுக்கை. அதுவும் மேஸ்திரி தன் கையால் சீட்டு போட்ட பஸ். அன்றிலிருந்து வெளியூர் என்று யாராவது வாயெடுத்தாலே அந்த அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவாள்.

மகள் கல்யாணம் என்பதால் கும்பிடவில்லை. நிபந்தனை போட்டாள்.

"ரெண்டு விமானம் மாறணும்ங்கறீங்க. மொதல் விமானத்துல கால் வலிச்சுதுன்னா ரெண்டாவதுல நான் ஏற மாட்டேன். அங்கேருந்தே திரும்பிடுவேன். கல்யாணத்த போன்ல பாத்துக்கறேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டுக் கிணற்றடியில் இனிமேல் துவைக்க மாட்டேன் என்று சொன்னவள், அந்தக் கிணறு தூர்ந்துபோகும் வரை துவைக்கவில்லை. மேஸ்திரி கணக்குப் போட்டுப் பார்த்தார். தாய் இல்லாமல் தான் மட்டும் போய் நின்றால் மகள் முகத்தைப் பார்க்க முடியாது.

"ஒரு நிமிஷம்கூட மடங்காது. நான் பாத்துக்கறேன்" என்று வாக்குக் கொடுத்தார்.

டிக்கெட் எடுத்தது மருமகள். மகனைக் கட்டிக்கொண்டவள், விமான டிக்கெட் போடும் அலுவலகத்தில் பதினோரு வருஷமாக இருக்கிறாள். எந்த விமானத்தில் எந்த சீட்டுக்கு ஜன்னலுக்குப் பதில் சுவர் வரும், எது சாயாது, எது கக்கூஸ் கதவுக்கு நேரே இருக்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனாரை உட்கார வைத்துப் போனில் படம் காட்டினாள்.

முதலில் சின்ன விமானம், இறக்கையில் காற்றாடி சுற்றுவது. நடுவில் ஒரே நடைபாதை, இந்தப் பக்கம் இரண்டு சீட்டு, அந்தப் பக்கம் இரண்டு. அதில் வகுப்பு கிடையாது, ஏறினவர் எல்லாருக்கும் ஒரே மரியாதை. ஒரு மணி நேரத்தில் இறக்கிவிட்டுவிடும். அடுத்தது பெரியது. குறுக்கே மூன்று, நாலு, மூன்று என்று பத்து சீட்டு, இரண்டு நடைபாதை. வகுப்பெல்லாம் அதில்தான். முன்னால் மெத்தை போலப் படுத்துக்கொள்ளும் சீட்டு, அதற்குப் பின்னால் கொஞ்சம் தாராளமானது, அதற்கும் பின்னால் நம்முடையது.

"முன்னாடி படுத்துட்டு வர்றவன் நமக்கு முன்னாடியே போய்ச் சேருவானா?" என்று மேஸ்திரி கேட்டார்.

"இல்ல மாமா, எல்லாரும் ஒண்ணாத்தான்."

"அப்புறம் எதுக்குப் படுக்கணும்?"

பஸ்ஸில் அவசரக் கதவை ஒட்டி நான் நாலு இஞ்சு கூடவே விடுவேனே, அந்த மாதிரி இடம் இதில் கிடையாதா என்று அடுத்து கேட்டார். இருக்கிறது, ஆனால் ஆபத்து வந்தால் அங்கே இருப்பவர்தான் கதவைத் திறந்து மற்றவர்களுக்கு உதவ வேண்டும், அதனால் கால் சரியில்லாதவர்களுக்குத் தரமாட்டார்கள் என்றாள். பிறகு எழுத்துச் சண்டை. சின்ன விமானத்தில் ஒரு வரிசைக்கு ஏ, சி, டி, எஃப் என்று நாலு எழுத்து. நடுவில் பி எங்கே, ஈ எங்கே என்று மேஸ்திரி பிடித்துக்கொண்டார். எந்த விமானமானாலும் சி, டி இரண்டும் நடைபாதை ஓரமாக வரும்படி வைத்துக்கொள்கிறார்கள் மாமா, இதில் சீட்டு குறைவு, அதனால் அந்த இரண்டு எழுத்தும் இல்லை என்று அவள் பொறுமையாகச் சொன்னாள்.

"ரெண்டு எழுத்தையே முழுங்கறவன் ரெண்டு இஞ்சு முழுங்க மாட்டானா?" என்றார் மேஸ்திரி.

"அத்தைக்கு இடது கால்தானே நீட்டணும்? நடைபாதை அவங்களுக்கு இடது கைப் பக்கம் வரணும். அதனால ரெண்டு விமானத்துலயும் டி போட்டிருக்கேன். நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க மாமா."

யோசிக்காதே என்று யாராவது சொன்னால் மேஸ்திரி அன்று ராத்திரி தூங்கமாட்டார்.

போன் படத்தில் ஏ என்ற எழுத்து இடது ஓரத்தில் இருந்தது. அதுதான் அவரை உறுத்தியது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பள்ளிக்கூடத்து பஸ்ஸுக்கு இப்படித்தான் போனில் படம் அனுப்பினார்கள். அது கண்ணாடியில் முகம் பார்ப்பது போல இடம் வலமாகப் புரண்ட படம் என்று யாருக்கும் தெரியாது. அதை நம்பி, மூன்று பேர் சீட்டு வரவேண்டிய பக்கம் இரண்டு பேர் சீட்டைப் போட்டு, ஏறுகிற படிக்கு நேரே ஒரு சீட்டை நிறுத்தி, மொத்தத்தையும் திரும்பப் பிடுங்கினார்கள். அன்றைக்குப் போன் படத்துக்கு முழுக்குப் போட்டவர்தான்.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. சீட்டை வண்டியில் முடுக்குவதற்கு முன்னால், வண்டியின் உள்ளளவைச் சிமெண்டுத் தரையில் முழு அளவில் சாக்பீஸால் கோடு போட்டுவிடுவார்கள். கோட்டுக்குள் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, முட்டி இடிக்கிறதா, ஆள் நடக்க வழி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் இரும்பில் கை வைப்பது. மேஸ்திரி மறுநாளே விமானத்தைத் தரையில் இறக்கினார். சீட்டு அகலம், முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் இடைவெளி எல்லாம் மருமகள் சொன்ன கணக்குத்தான். சின்ன விமானத்தில் நாலு வரிசை, பெரியதில் மூன்று வரிசை, போதாததற்கு முன்வகுப்புப் படுக்கை சீட்டு ஒன்று.

அந்தப் பட்டறையில் எந்த வரைபடமும் டிரைவரிடமிருந்துதான் ஆரம்பிக்கும். டிரைவர் வலது பக்கம். அவர் முதுகுக்குப் பின்னால் இருப்பது முதல் சீட்டு. அங்கிருந்துதான் எண்ணிக்கை. நாற்பத்திரண்டு வருஷமாகக் கையில் ஊறிய கணக்கு. மேஸ்திரி குனிந்து, டிரைவர் என்று வலது பக்கம் ஒரு வட்டம் போட்டு, அதற்குப் பின்னால் ஏ என்று எழுதினார். அடுத்தது சி, நடைபாதை, அந்தாண்டை டி, எஃப். நிமிர்ந்து பார்த்தால் போன் படத்துக்கு நேர் எதிராக இருந்தது. அவருக்கு ஆச்சரியம் இல்லை.

'திருப்பிக் காட்டுதுன்னு அப்பவே தெரியும்' என்று சாக்பீஸைக் காது மேல் செருகிக்கொண்டார்.

சாயங்காலம் மனைவியை அழைத்துவந்தார். பெயின்டர், வெல்டர் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். விமானத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறணுமா மேஸ்திரி என்று வெல்டர் கேட்டான். நீ ஏறவே வேண்டாம், பாரம் தாங்காது என்றார் மேஸ்திரி. அம்மாள் கோட்டுக்குள் வந்து டி என்ற ஸ்டூலில் உட்கார்ந்தாள். நடைபாதை வலது கைப் பக்கம் வந்தது. இடது கால் பக்கத்து ஸ்டூலில் முட்டிக்கொண்டு நின்றது. அவளை எழுப்பி சி-யில் உட்கார வைத்தார். இடது கால் நடைபாதையில் ஜம்மென்று நீண்டது. முதுகிலிருந்து குதிகால் வரை டேப்பைப் பிடித்தார். முப்பத்தெட்டு இஞ்சு.

"பாத்தியா? உம்மருமக போட்ட சீட்டுல போயிருந்தா உன் கால் என்ன ஆயிருக்கும்?"

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமேங்க. அதே வேலையா இருக்கறவ."

"தரையில இருக்கு அளவு. கேக்கறதுக்கு என்ன இருக்கு?"

கேட்டால் அவள் பதினோரு வருஷ அனுபவத்தைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரில் வைப்பாள், மகன் அவள் பக்கம் சாய்வான், வீண் பேச்சு. விமான நிலையத்தில் தானே மாற்றிக்கொள்வது என்று மேஸ்திரி வாயை இறுக்கிக்கொண்டார்.

புறப்படுகிற அன்று பட்டறைச் சாவியை மகனிடம் கொடுத்து, பெயின்டரிடம் சேர்த்துவிடச் சொல்லிவிட்டு, விடிந்ததும் விடியாததுமாக விமான நிலையம் போய்ச் சேர்ந்தார்கள். வாசலில் ஒருவர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். எனக்கு நடக்க வரும், இவரை வேணா உக்கார வைங்க, இவருக்குத்தான் நம்பி ஒரு அடி எடுத்து வைக்க வராது என்று அம்மாள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் போனாள்.

கவுன்டரில் இருந்த பெண்ணிடம் மேஸ்திரி நாலு டி-யை நாலு சி ஆக்கச் சொன்னார். நாலு டி நல்ல சீட்டுத்தானே ஐயா, எதற்கு மாற்றுகிறீர்கள் என்று அவள் கேட்டாள். எனக்குத் தெரியும், மாத்தும்மா என்றார். அவள் மாற்றினாள், அவருக்குப் பக்கத்திலேயே நாலு ஏ கொடுத்தாள். பெரிய விமானத்தையும் மாற்று என்றதற்கு மட்டும், அது அங்கே போய்த்தான் முடியும், கேட்டிருக்கிறீர்கள் என்று குறித்து வைக்கிறேன் என்றாள். இப்படிச் சொல்லித்தான் தட்டிக்கழிப்பார்கள் என்று மேஸ்திரி மனைவி காதில் ஓதினார்.

சின்ன விமானத்துக்கு வால் பக்கத்தில் கதவு. நாலே படி. அம்மாள் நல்ல காலை முதலில் வைத்து, தகடு வைத்த காலைப் பின்னால் இழுத்து, ஒவ்வொரு படியாக ஏறினாள். உள்ளே முன்னோக்கி நடந்தார்கள். மேஸ்திரி தலைக்கு மேலே ஒட்டியிருந்த எழுத்தைப் பார்த்தார். இடது பக்கம் ஏ, சி. வலது பக்கம் டி, எஃப்.

பின்னால் ஏறியதால் அப்படித் தெரிகிறது என்று ஒரு நிமிஷம் தன்னைத் தேற்றிக்கொண்டார். ஆனால் பின்னால் ஏறினாலும் மூஞ்சி முன்னால்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

மேஸ்திரி ஜன்னலோரம் நுழைந்து உட்கார, அம்மாள் நாலு சி-யில் உட்கார்ந்தாள். நடைபாதை வலது கைப் பக்கம். இடது முழங்கால் முன்சீட்டின் முதுகில் போய் முட்டியது. மேஸ்திரி டேப்பை எடுத்தார். முதுகிலிருந்து முன்சீட்டு வரை முப்பது இஞ்சு. தன் காலைத் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டு, அவள் காலைத் தன் பக்கம் குறுக்கே நீட்டச் சொன்னார். முன்சீட்டைத் தாங்குகிற இரும்புக் கால் சரியாக நடுவில் நின்றது. நாற்பத்திரண்டு வருஷம் இரும்புக் கால் முடுக்கியவருக்கு அதை நகர்த்த முடியாது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அம்மாள் கைப்பையின் வாரை விரலில் சுற்ற ஆரம்பித்தாள். அவள் திட்டினால் மேஸ்திரிக்குப் பயம் இல்லை. வாரைச் சுற்றினால்தான் பயம்.

விமானப் பணிப்பெண் அந்தப் பக்கம் வந்தாள். மேஸ்திரி குரலை இறக்கிக் கேட்டார்.

"ஏம்மா, இதுல டிரைவர் எந்தப் பக்கம் உக்காருவாரு?"

"பைலட்டா ஐயா? ரெண்டு பேர் இருக்காங்க. கேப்டன் இடது பக்கம்."

மேஸ்திரிக்குத் தரையில் போட்ட வட்டம் கண்ணில் வந்து நின்றது. போன் சரி. மருமகள் சரி. டேப்பு சரி. தான் மட்டும் தப்பு.

நடைபாதைக்கு அந்தாண்டை, நாலு டி-யில், அவர் வயதுக்கார மனுஷர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தோல் பை ஒன்றை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தார். பையைச் சீட்டுக்கு அடியில் தள்ளச் சொல்லிப் பணிப்பெண் இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போயிருந்தாள். மேஸ்திரி மனைவியின் தலைக்கு மேலே எட்டி, இளித்தார். இளித்துப் பழக்கம் இல்லாததால் அது பல்வலி மாதிரி இருந்தது.

"ஐயா, நீங்க இந்த சீட்டுக்கு வந்துடறீங்களா? இது ரொம்ப நல்ல சீட்டு. இந்தப் பக்கம் காத்து நல்லா வரும்."

அந்த மனுஷர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"அவ்ளோ நல்ல சீட்ட எனக்கு எதுக்குங்க தர்றீங்க? நீங்களே வச்சுக்கங்க."

"இல்ல, அந்தப் பக்கம் வெயில் அடிக்கும்..."

"நான் நாப்பது வருஷமா பூட்டு ரிப்பேர் பண்றவன். வீட்டுக்காரன் பூட்டத் தொறக்கச் சொல்றதுக்கும் திருடன் தொறக்கச் சொல்றதுக்கும் குரல்லயே வித்தியாசம் தெரியும் எனக்கு. உங்க குரல் சரியில்ல."

மேஸ்திரிக்குச் சுருக்கென்றது. கோபத்தால் அல்ல. அந்த இடத்தில் தான் உட்கார்ந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்போம் என்று தெரிந்ததால். பின்னால் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. அம்மாள் வாரை மூன்றாவது சுற்றுச் சுற்றினாள்.

சாகும்வரை யாரிடமும் சொல்லக் கூடாது என்று வைத்திருந்த வார்த்தை ஒன்று மேஸ்திரியிடம் இருந்தது. பள்ளிக்கூடத்து பஸ்ஸைப் பிடுங்கினபோதுகூட அதைச் சொல்லவில்லை. தான் ஒத்துப் பார்க்காததை விட்டுவிட்டு, பழியைப் படத்தின் மேல் போட்டுவிட்டார். இப்போது தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஐயா, உங்க சீட்டு இவளுக்குப் போட்டிருந்த சீட்டு. எங்க மருமக இடது கால் நீட்டறதுக்குன்னு பாத்துப் போட்டா. அத நம்பாம கவுன்டர்ல போய் மாத்தினவன் நான்தான். டிரைவர் வலது பக்கம்னு நெனச்சுக் கணக்குப் போட்டேன். தப்பு என்னுது. இவ கால் மடங்காது. மடங்கி வலிச்சா இறங்கினதும் வீட்டுக்குத் திரும்பிடுவேன்னு சொல்லியிருக்கா. எங்க பொண்ணுக்கு வெள்ளிக்கிழம கல்யாணம்."

பூட்டுக்காரர் அசையவில்லை. அம்மாளைப் பார்த்தார்.

"எந்தக் காலும்மா?"

அவள் புடவையைக் கணுக்காலுக்கு மேல் லேசாக நகர்த்தித் தடித்த காலைக் காட்டினாள். பூட்டுக்காரர் குனிந்து, மூடாத கதவைப் பார்ப்பது போல அந்தக் கால் நிற்கும் கோணத்தைப் பார்த்தார்.

"இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே? காத்து வருதாம், வெயில் அடிக்குதாம்" என்று பையோடு எழுந்தார்.

அம்மாள் நாலு டி-யில் உட்கார்ந்து இடது காலை நடைபாதையில் நீட்டினாள். சுற்றின வார் அவிழ்ந்தது. வெளியே காற்றாடி சுற்ற ஆரம்பித்தது. அவள் இந்தப் பக்கம் சாய்ந்து, "ஏங்க, அப்ப என்னவோ சொன்னீங்களே, தப்பு யாருதுன்னு. சத்தத்துல சரியா கேக்கல. இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள்.

மேஸ்திரி ஜன்னல் வழியாக இறக்கையின் தரத்தைச் சோதிப்பதில் மும்முரமாக இருந்தார்.

அந்த ஒரு மணி நேரமும் அவருக்கு நன்றாகவே போயிற்று. பூட்டுக்காரரும் அவரும் பிறவியில் பிரிந்த அண்ணன் தம்பி போல ஆகிவிட்டார்கள். எந்தக் கம்பெனிப் பூட்டு ஹேர்பின்னில் திறக்கும், எந்த பஸ் சீட்டில் பஞ்சுக்குப் பதில் குப்பையை அடைக்கிறார்கள், யாரையெல்லாம் நம்பக் கூடாது என்று ஒருவருக்கொருவர் பட்டியல் கொடுத்துக்கொண்டார்கள். தட்டில் தண்ணீர் கொண்டுவந்த பணிப்பெண் நெருங்கும்போதெல்லாம் மேஸ்திரி, வண்டியைப் பின்னால் எடுக்கக் கை காட்டுகிற கிளீனர் மாதிரி, "கால், கால், கொஞ்சம் உள்ள வாங்கிக்க, ஆங், போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் பூட்டுக்காரர் டேப்பைக் கேட்டு வாங்கித் தன் பையை அளந்தார். திருப்பித் தரும்வரை மேஸ்திரி அதன் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பூட்டுக்காரர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

இறங்கினதும் அம்மாள் தரையில் நின்று காலை உதறிப் பார்த்தாள். ஒருமுறை ஊன்றினாள், இன்னொருமுறை ஊன்றினாள். மேஸ்திரி அவள் முழங்காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நின்னுட்டே இருந்தா எப்படி? அந்தப் பெரிய விமானம் எங்க?" என்றாள்.

அடுத்த கவுன்டரில் இருந்த பையன் திரையைப் பார்த்துவிட்டு, நாற்பத்தொன்று டி-யை மாற்றக் கேட்டதாகக் குறிப்பு இருக்கிறது, மாற்றட்டுமா என்றான். அம்மாள் வேண்டுமென்றே விலகி நின்று, கைத்தடியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கணவரைப் பார்த்தாள்.

"வேணாம் தம்பி. எங்க மருமக போட்டது. அப்படியே இருக்கட்டும்."

பெரிய விமானத்தில் முன்வகுப்பைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டியிருந்தது. ஆளுக்கொரு தடுப்பு, ஆளுக்கொரு தலையணை. மேஸ்திரியால் பொறுக்க முடியவில்லை. காலியாக இருந்த ஒரு படுக்கை சீட்டில் டேப்பை நீட்டினார். ஆறே கால் அடி. இந்த இடத்தைக் குடுத்தா அறுபது பேர உக்கார வச்சிருப்பேன் என்று சத்தமாகச் சொன்னதில், போர்வைக்குள் இருந்த ஒருவர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். அம்மாள் அவரைக் கைத்தடியால் முதுகில் தள்ளிக்கொண்டு போனாள்.

நாற்பத்தொன்று டி. நடைபாதை இடது கைப் பக்கம், மருமகள் சொன்னபடியே. அம்மாள் காலை நீட்டிக்கொண்டாள். மேஸ்திரி பக்கத்தில் ஈ-யில் உட்கார்ந்தார். சின்ன விமானத்தில் காணாமல் போன எழுத்து இங்கே இருக்கிறதே என்று அவருக்கு ஒரு திருப்தி.

"போன அணைக்கச் சொல்றதுக்குள்ள அவளக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள் அம்மாள்.

மேஸ்திரி போனை எடுத்தார். அடித்தது மருமகளுக்கு அல்ல, பெயின்டருக்கு.

"டேய், அந்தத் தரையில போட்ட விமானம் இருக்குல்ல?"

இருக்கிறது என்றான் பெயின்டர். எல்லாரும் இப்போது அதில் உட்கார்ந்துதான் டீ குடிக்கிறார்களாம். வெல்டர் முன்வகுப்புப் படுக்கையில் கோணியை விரித்துப் படுத்திருக்கிறானாம். மற்றவன் யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று நடுவில் ஒரு துணியைக் கட்டி மறைப்புப் போட்டிருக்கிறானாம்.

"அவன் கெடக்கறான். நீ எழுத்த மட்டும் அழிச்சுட்டு மாத்தி எழுது. ஏ இடது பக்கத்துலேருந்து ஆரம்பிக்கணும். டிரைவரும் இடது பக்கம்."

"அதெல்லாம் காலையிலயே மாத்தியாச்சு மேஸ்திரி."

"யாரு மாத்தினது?"

"உங்க மருமகதான். சாவிய அவங்கதான் கொண்டாந்து குடுத்தாங்க. தரையப் பாத்தாங்க. யாரு உக்காந்து பாத்தது, எந்த சீட்டுல உக்காந்து பாத்ததுன்னு கேட்டாங்க. சொன்னேன். இந்நேரம் விமானம் கெளம்பியிருக்குமேன்னு அப்படியே தலையில கை வச்சு உக்காந்துட்டாங்க. அப்புறம் சாக்பீஸ் கேட்டு வாங்கி எல்லா எழுத்தையும் மாத்தி எழுதிட்டுப் போனாங்க."

பக்கத்தில் அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வாயை மூடிச் சிரித்ததில் அவள் சீட்டும் சேர்ந்து குலுங்கியது.

"தலையில கை வச்சு உக்காந்தான்னியே, எங்க உக்காந்தா?"

"டி-லதான் மேஸ்திரி."

"எழுத்த மாத்தறதுக்கு முன்னாடியா, மாத்தினதுக்கு அப்புறமா?"

"முன்னாடி. ஆனா மாத்தினதுக்கு அப்புறம் மறுபடியும் ஒரு தடவ உக்காந்து, கால நீட்டிப் பாத்துட்டுத்தான் போனாங்க."

மேஸ்திரி தலையை ஆட்டினார். சோதித்துப் பார்க்காமல் போகாதவள் என்றால் நம்பலாம்.

"சரி, அத அழிக்காதீங்க. நான் வந்து பாக்கணும்" என்று சொல்லிப் போனை அணைத்தார். பிறகு மறுபடியும் உயிர் கொடுத்து, மருமகள் எண்ணைத் தேட ஆரம்பித்தார். போனை அணைக்கச் சொல்லிக்கொண்டே பணிப்பெண் முன்வரிசை வரை வந்துவிட்டாள். அம்மாள் இடது காலை இன்னும் கொஞ்சம் நடைபாதையில் நீட்டி, அந்தப் பெண்ணை அங்கேயே நிறுத்தி வைத்தாள்.